மூன்றாம் தடவை தேறிய மேதை சுப்பாராவ்

மழை கொட்டி ஏரி நிரம்பியதும் தவளைகள் கத்தத் தொடங்கிவிடும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று கார் தொழிற்சாலைகளும், செல்போன் தொழிற்சாலைகளும் வரிசையாக நிற்கின்றன. ஆனாலும் அவற்றுக்கு நடுவே ஏரிகளும் குட்டைகளும் இன்னும் இருக்கின்றன. மழைக்காலத்தில் அந்தக் கரைகளைப் பார்த்தால், புல்லோடு ஒட்டிக்கொண்டு ஜவ்வரிசிக் கஞ்சி போல ஒன்று மிதக்கும். ஒவ்வொரு ஜவ்வரிசிக்கும் நடுவே ஒரு கரும்புள்ளி இருக்கும்.

அதுதான் தவளை முட்டை.

கோழி முட்டைக்கு உள்ளதுபோல் அதற்கு ஓடு கிடையாது. அடைகாக்கத் தாயும் கிடையாது. முட்டையிட்ட தவளை தன் வழியே போய்விடும். பிறகு, வாய் திறக்கும் வரையில் அந்தக் குஞ்சுக்கு வெளியிலிருந்து ஒரு பருக்கைகூடக் கிடைப்பதில்லை. ஆனாலும் அந்தக் கரும்புள்ளி இரண்டாகப் பிளக்கிறது. இரண்டு நாலாகிறது. நாலு எட்டாகிறது. தலை தெரிகிறது. வால் நீள்கிறது. இருதயம் துடிக்கிறது.

இத்தனை வேலைக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது?

தவளைக்கு மட்டும் அல்ல, மனிதனுக்கும் மாட்டுக்கும் மாமரத்துக்கும் ஒரே சக்திப் பொருள்தான். ஏ.டி.பி. என்று அதற்குப் பெயர். வீட்டில் நெல் இருக்கலாம், நகை இருக்கலாம். ஆனால் பஸ்ஸில் ஏறினால் சில்லறைதானே வேண்டும்? சோறும் நெய்யும் நெல்லும் நகையும் போல. ஏ.டி.பி. சில்லறை போல. உடம்பு எந்த வேலை செய்தாலும் அந்தச் சில்லறையைத்தான் கொடுக்கிறது.

அந்தச் சில்லறையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், சென்னையில் படித்த ஒரு ஏழைப் பையன். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றவர். அவருடைய கதை இது.

காசிக்கு ஓட்டம்

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் சென்னை ராஜதானியைச் சேர்ந்தது.

ஏழு குழந்தைகளில் அவர் நாலாவது. தகப்பனார் ஜகன்னாதம் ரெவின்யூ இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். உடம்பு கெட்டு, முன்னதாகவே வேலையை விட்டுவிட்டார். வீட்டில் வறுமை புகுந்தது.

சுப்பாராவுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. 13 வயதில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய், யாத்திரை வருகிறவர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்ப்பது என்பது அவர் போட்ட திட்டம்! காசியை அவர் பார்க்கவில்லை. பாதி வழியிலேயே பிடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

தாயார் வெங்கம்மா கண்டிப்பானவர். பையன் படித்தே தீரவேண்டும் என்றார். பையனோ மெட்ரிகுலேஷனில் தோற்றான். மறுபடியும் எழுதினான். மறுபடியும் தோற்றான். தகப்பனாரும் காலமானார்.

வேறு வீடாக இருந்தால், ஏதாவது ஒரு கடையில் கணக்கு எழுத அனுப்பியிருப்பார்கள். வெங்கம்மா அப்படிச் செய்யவில்லை. தம் நகைகளை விற்றார். மகனைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாம் தடவையாகப் பரீட்சை எழுதி, சுப்பாராவ் தேறினார்.

சன்னியாசி ஆகும் ஆசை

அடுத்து, கடற்கரையில் உள்ள மாநிலக் கல்லூரி. அங்கே படிக்கும்போது ராமகிருஷ்ணா மடத்தில் அவருக்கு ஈடுபாடு உண்டாயிற்று. துறவியாகிவிட விரும்பினார். தாயாரின் சம்மதம் இல்லாமல் சேர்க்க முடியாது என்று மடத்தில் சொல்லிவிட்டார்கள். தாயார் சம்மதிக்கவில்லை.

துறவு இல்லை என்றால் தொண்டாவது செய்யலாம், தொண்டு செய்ய வைத்தியம் ஏற்ற வழி என்று முடிவு செய்து, சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்கள் பண உதவி செய்தார்கள். 1919-ஆம் ஆண்டில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் பெயர் சேஷகிரி. மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் படிப்புக்குக் கைகொடுத்தார்.

குடும்பத்தில் ஒரு பெரிய இடி விழுந்தது. சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். இருவரையும் கொண்டுபோனது ஸ்ப்ரூ என்ற நோய். நம் நாட்டு வைத்தியர்கள் கிராணி என்று சொல்வார்களே, அந்த வகை. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வயிறு போகும். நாக்கு வெந்துவிடும். ரத்தம் வற்றி, ஆள் எலும்பும் தோலும் ஆவான்.

அதே நோய் சுப்பாராவுக்கும் வந்தது. ஆயுர்வேத வைத்தியர் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தார். ஆனால், ஏன் வந்தது, எதனால் போயிற்று என்ற கேள்வி சுப்பாராவின் மனதில் தங்கிவிட்டது.

கதர் அங்கி

அது ஒத்துழையாமைக் காலம். அன்னியத் துணியைப் பகிஷ்கரிக்கும்படி காந்திஜி நாட்டுக்குக் கட்டளையிட்டிருந்தார். ஆபரேஷன் செய்யும் இடத்தில் மாணவர்கள் அங்கி அணியவேண்டும் அல்லவா? சுப்பாராவ் அந்த அங்கியைக் கதர்த் துணியில் தைத்துப் போட்டுக்கொண்டு போனார்.

அறுவை வைத்தியப் பேராசிரியர் பிராட்பீல்டு வெள்ளைக்காரர். அவருக்கு அது பிடிக்கவில்லை.

கடைசிப் பரீட்சையில் சுப்பாராவ் நன்றாகவே எழுதியிருந்தார். என்றாலும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. ஒரு முழம் கதருக்குக் கொடுத்த விலை என்று பார்த்தால் அது அதிகம்தான். சர்க்கார் வைத்திய இலாகாவில் வேலைக்கு மனுப்போட்டார். அதுவும் கிடைக்கவில்லை.

உயிர் கொடுத்த லட்சுமிபதியே மீண்டும் உதவினார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கே பாடம் சொல்லிக்கொண்டே, அமெரிக்கா போய் ஆராய்ச்சி செய்ய வழி தேடினார். காக்கிநாடாவில் உள்ள ஒரு தர்ம ஸ்தாபனமும் மாமனாரும் பணம் தர முன்வந்தார்கள்.

1920-களின் தொடக்கத்தில் சுப்பாராவ் கப்பல் ஏறினார். அப்போது மனைவி சேஷகிரி கர்ப்பிணி. சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு.

அவர் திரும்பவே இல்லை.

ஆண் குழந்தை பிறந்தது. ஒரு வயது நிறைவதற்குள் அது இறந்தும் போயிற்று. பெற்ற தகப்பன் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

ராத்திரி வேலை

பாஸ்டன் நகரில் ஹார்வர்டு சர்வகலாசாலை இருக்கிறது. அங்கே வெப்ப நாட்டு நோய்களுக்கான பள்ளியில் சுப்பாராவ் சேர்ந்தார். ஸ்ட்ராங் என்ற பேராசிரியர் ஆதரவு காட்டினார். என்றாலும் வயிற்றுப்பாட்டுக்கு வழி இல்லை. ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு வேலைக்குப் போனார். நோயாளிகளின் மலஜலச் சட்டிகளை எடுத்துக் கழுவி வைப்பது வேலை. ஊரில் அவர் டாக்டர், அங்கே தோட்டி.

டிப்ளமா பெற்றபின், சைரஸ் ஃபிஸ்க் என்ற ரசாயன ஆராய்ச்சியாளரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஃபிஸ்க் ஒரு பிரச்சினையோடு மல்லாடிக்கொண்டிருந்தார். ரத்தத்திலும் தசையிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று சரியாக அளக்க வேண்டும். எலும்பிலும் பல்லிலும் உள்ளதே, அந்தச் சத்துதான்.

சுப்பாராவும் ஃபிஸ்க்கும் சேர்ந்து ஒரு முறையை உண்டாக்கினார்கள். ரத்தத்தையோ தசையையோ பக்குவம் செய்து எடுத்த தண்ணீரில், மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த மருந்தைச் சேர்ப்பது. பிறகு இன்னொரு மருந்தை விடுவது. தண்ணீர் நீலமாகும். பாஸ்பரஸ் குறைவாக இருந்தால் வானத்து நீலம். அதிகமாக இருந்தால் மைக்கூட்டு நீலம். நீலத்தின் அழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்த்து, அளவைச் சொல்லிவிடலாம். 1925-ஆம் ஆண்டு அது வெளியாயிற்று. ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று அதற்குப் பெயர். நூறு ஆண்டு ஆகியும் கல்லூரி மாணவர்கள் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள்.

நீலம் காட்டிய புதையல்

கருவி கையில் வந்தால் களவு தெரிந்துவிடும் அல்லவா? தசையில் பாஸ்பரஸை அளந்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. நீலம் ஒரேயடியாக வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போயிற்று. அப்படியானால் பாஸ்பரஸ் தனியாக இல்லை. வேறு ஒன்றோடு ஒட்டிக்கொண்டிருந்து, பிரிந்து பிரிந்து வருகிறது!

அந்தக் கூட்டுப் பொருள்தான் பாஸ்போகிரியாட்டின். தசை வேலை செய்தால் அது குறைகிறது. ஓய்வு எடுத்தால் மறுபடி ஊறுகிறது. 1927-ல் இதை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் லண்டனில் எக்கிள்டன் தம்பதியர் தவளையின் கால் தசையில் இதே மாதிரிப் பொருளைக் கண்டார்கள். விஞ்ஞானத்துக்கு அந்தத் தவளைக் கால்கள் செய்த உபகாரம் கொஞ்சம் அல்ல!

இரண்டு ஆண்டு கழித்து, 1929-ல், தசையிலிருந்து இன்னொரு பொருள் கிடைத்தது. அதுதான் ஏ.டி.பி. ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டுபிடித்தார்.

ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட்டுகள் வால்போல் கோத்திருக்கின்றன. கடைசி ஒன்று கழன்றால் சக்தி வெளிப்படுகிறது. சாப்பாடு எரிந்து, கழன்ற இடத்தில் மறுபடியும் ஒன்று மாட்டப்படுகிறது. ஒரு மனிதன் ஒரு நாளில் இப்படிச் செலவழித்து மீண்டும் உண்டாக்கும் ஏ.டி.பி.யை எடை போட்டால், ஏறக்குறைய அவன் எடையே இருக்கும். ஆனால் எந்த நேரத்திலும் உடம்பில் உள்ள இருப்பு சொற்பம். வந்த சில்லறை வந்த வேகத்தில் செலவாகிறது.

தவளை முட்டைக்குள் தொழிற்சாலை

1940-களில் விஞ்ஞானிகள் தவளை முட்டையிலும் ஏ.டி.பி.யை அளக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு தெரியவந்த விவரங்கள் வியப்பானவை.

தவளை முட்டையை ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். ஸ்டோரில் சரக்கு நிறைந்திருக்கிறது. அது மஞ்சள் கரு. தாயின் ஈரலில் தயாராகி, ரத்தத்தின் வழியே முட்டைக்கு வந்து சேர்ந்தது. அதில் பாஸ்பரஸ் ஏராளம். இயந்திரங்களும் தயாராக நிற்கின்றன. நொதிகள்தான் அந்த இயந்திரங்கள். சர்க்கரையை உடைக்க ஒரு நொதி, கொழுப்பை எரிக்க ஒரு நொதி என்று, வேலைக்கு ஒன்றாக இருக்கின்றன. நொதி இல்லாமல் உடம்பில் ஓர் அணுவும் அசையாது. எந்த நொதியை எப்படிச் செய்வது என்று எழுதிய குறிப்புக்கு ஜீன், அதாவது மரபணு, என்று பெயர்.

இங்கேதான் ஓர் அதிசயம். ஆப்பிரிக்காவில் உள்ள நகத் தவளையை விஞ்ஞானிகள் மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் முட்டை கருவுற்றதும் படபடவென்று பிளக்கிறது. முதல் பிளவுக்கு ஒன்றரை மணி நேரம். பிறகு அரை மணிக்கு ஒரு தடவை. பன்னிரண்டு தடவை பிளந்து, சுமார் 4 ஆயிரம் அணுக்கள் ஆகும் வரை, குஞ்சின் சொந்த ஜீன்கள் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை! தாய் எழுதி வைத்துவிட்டுப் போன உத்தரவுச் சீட்டுகளைப் பார்த்து, தாய் கொடுத்த நொதிகளைக் கொண்டே வேலை நடக்கிறது. முதல் ஷிஃப்ட் முழுக்கத் தாயின் ஆட்கள். அதற்குப் பிறகுதான் குஞ்சின் ஆபீஸ் திறக்கிறது. குஞ்சின் ஜீன்கள் விழித்து, சொந்த உத்தரவு போடுகின்றன. தாயின் சீட்டுகள் கிழிக்கப்படுகின்றன.

எரிபொருளிலும் இந்த முறை உண்டு. முட்டையில் சர்க்கரைச் சத்து சேமிப்பு இருக்கிறது. ஆனால் முதல் நேரத்தில் அதை எரிப்பதில்லை. புரதத்தின் துணுக்குகளான அமினோ அமிலங்களை எரித்தே ஏ.டி.பி. செய்துகொள்கிறது. சர்க்கரையைத் தொடுவது பிற்பாடுதான். பெட்டியில் உள்ள நகையைக் கடைசியில் தொடும் குடித்தனக்காரியின் சாமர்த்தியம் இது!

தலைப்பிரட்டை தவளையாகும்போது இன்னொரு மாற்றம். தலைப்பிரட்டை தண்ணீரில் கிடக்கிறது. உடம்பில் சேரும் கழிவை அமோனியாவாக அப்படியே தண்ணீரில் விட்டுவிடுகிறது. கரைக்கு வரப்போகும் தவளைக்கு அது ஆகாது. அமோனியா விஷம். கழுவிப்போகத் தண்ணீர் வேண்டும். ஆகவே வால் சுருங்கி, கால் முளைக்கும் நாளில், தைராய்டு சுரப்பியின் கட்டளைப்படி ஈரலில் உள்ள சில ஜீன்கள் மும்முரமாகின்றன. புதிய நொதிகள் பெருகுகின்றன. அமோனியாவை யூரியாவாக மாற்றுகின்றன. நம் சிறுநீரில் இருப்பதும் அந்த யூரியாவே. அதைச் செய்வதற்கும் செலவாகிற சில்லறை ஏ.டி.பி.தான்.

ஹார்வர்டை விட்டு

மறுபடியும் சுப்பாராவிடம் வருவோம்.

1930-ல் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. புகழ் கிடைத்தது என்று சொல்வதற்கில்லை. ஹார்வர்டில் நிரந்தர உத்தியோகம் தரவில்லை. அவருடைய கண்டுபிடிப்புகள் சிலவற்றை வெளியிட ஃபிஸ்க் இடம் கொடுக்கவில்லை என்றும், அவற்றைப் பல ஆண்டு கழித்து மற்றவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். சுப்பாராவோ சண்டைக்குப் போகவில்லை. தம் பங்கைக் குறைத்துச் சொல்வதே அவர் வழக்கம். அது பெருந்தன்மையா, தமக்குத் தாமே செய்துகொண்ட தீங்கா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

1940-ல் அவர் நியூயார்க் ராஜ்யத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் உள்ள லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். இரண்டே ஆண்டில் ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைவரானார். அங்கேதான் பழைய கேள்விக்கு விடை கிடைத்தது.

பம்பாயில் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர், மில் தொழிலாளர் வீடுகளில் கர்ப்பிணிகள் ரத்தம் வற்றிச் சாவதைப் பார்த்தார். ஈஸ்ட் சத்தைக் கொடுத்தால் அவர்கள் பிழைத்தார்கள். ஈஸ்டில் இருப்பது என்ன? யாருக்கும் தெரியவில்லை. ஈரலிலும் கீரையிலும் கூட அது இருந்தது. சுப்பாராவின் குழுவினர் அதைப் பிரித்தெடுத்து, அமைப்பைக் கண்டு, 1945-ல் ஆய்வுக்கூடத்திலேயே செய்து முடித்தார்கள். அதுவே ஃபோலிக் அமிலம்.

ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நாக்குப் புண் ஆறியது. ரத்தம் ஊறியது. சகோதரர்களைப் பறித்த நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. கால் நூற்றாண்டு தாமதம்.

இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. அது ரத்தத்துக்கு மட்டும் அல்ல. தவளைக் குஞ்சானாலும் மனிதக் கருவானாலும், முதுகில் ஒரு தட்டையான தகடு முதலில் தோன்றும். அதன் ஓரங்கள் வெற்றிலை சுருட்டுவதுபோல் சுருண்டு, ஒட்டிக் குழாயாகும். மூளையும் முதுகுத் தண்டும் அந்தக் குழாயிலிருந்து வருகின்றன. மனிதக் கருவில் அது நாலு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே! ஃபோலிக் அமிலம் போதாவிட்டால் குழாய் சரியாக மூடாமல் போகலாம். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே அதைச் சாப்பிட்டால் இந்த ஊனம் பெரும்பாலும் வராமல் தடுக்கலாம் என்று 1991-ல் நிரூபித்தார்கள்.

எதிரி மருந்து

ஃபோலிக் அமிலம் அணுக்களை வளர்க்கிறது. அப்படியானால் அதைப்போலவே வேஷம் போட்ட ஒரு பொருளைச் செய்து அனுப்பினால்? நொதி ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும். வேலை நின்றுவிடும். கட்டுக்கு அடங்காமல் வளரும் புற்று அணுவும் நின்றுவிடும் அல்லவா?

சுப்பாராவின் குழு அந்தப் போலிகளைச் செய்தது. பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அவற்றுள் ஒன்றை ரத்தப் புற்று நோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. சில மாதங்களுக்குத்தான். ஆனால் அதுவரை அந்த நோய்க்கு மருந்தே இல்லை. 1948-ல் இந்தச் செய்தி வெளியாயிற்று. அதே இனத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது.

யானைக்கால் நோய்க்கு மருந்தான ஹெட்ரசான் 1947-ல் அவர் கூடத்திலிருந்து வந்தது. டி.இ.சி. மாத்திரை என்று தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கொடுத்தார்களே, அதுதான். டக்கர் என்ற வயோதிக விஞ்ஞானி மண்ணில் கண்டெடுத்த பொன் நிற நுண்ணுயிரியிலிருந்து ஆரியோமைசின் வந்ததும் அங்கேதான். 1948 ஜூலையில் அதை உலகுக்கு அறிவித்தார்கள்.

அடுத்த மாதம், ஆகஸ்டில் ஒரு நாள், சுப்பாராவ் காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருந்தது. வயது 53. அமெரிக்கப் பிரஜையாகாமலே அந்த நாட்டில் கால் நூற்றாண்டு வாழ்ந்திருந்தார். அவர் பிறந்த நாடு சுதந்திரம் அடைந்து ஓராண்டு முடியச் சில நாட்களே இருந்தன.

கப்பல் ஏறிய கணவரைச் சேஷகிரி அம்மாள் அதன் பிறகு பார்க்கவே இல்லை.

புதிதாகக் கண்ட ஒரு காளானுக்கு, அவரோடு வேலை பார்த்த ஒருவர் பின்னர் சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார். இந்திய சர்க்கார் 1995-ல், அவருடைய நூற்றாண்டில், தபால் தலை வெளியிட்டது.